காயின் மெஷின் மக்கர் பண்ணினால்: போட்ட காசு எங்கே நிற்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை தெருமுனைகளில் நிற்கும் தண்ணீர் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காசு போட்டால் குடத்துக்குத் தண்ணீர் விடுமே, அவைதான். அது போக எடை பார்க்கும் மெஷின் இரண்டு, கடை வாசலில் பிள்ளைகள் ஏறி ஆடும் குதிரை ஒன்று, உண்டியல் சில்லறை பிரிக்கும் மெஷின் ஒன்று. எதற்காக போன் வந்தாலும் முதல் வாக்கியம் மாறுவதில்லை: "அண்ணா, மெஷினு காசு வாங்க மாட்டேங்குது."

இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஸ்குருகூடக் கழற்ற முடியாது. அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போட்ட காசு இப்ப எங்கக்கா இருக்கு?"

கீழே கிண்ணத்தில் வந்து விழுந்ததா, உள்ளே போய்விட்டதா, நடுவழியில் நிற்கிறதா? மூன்றும் மூன்று வியாதி. இது தெரியாமல் பூட்டைத் திறப்பவர்கள் நல்லாயிருக்கும் பாகத்தை மாற்றிவிட்டு, கெட்ட பாகத்தை அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படிச் செய்தவன்தான்.

காசு போகும் வழி

காசு போடும் வாய்க்குப் பின்னால் சாய்வான ஒரு தடம். அதில் உருளும் காசு செப்புக் கம்பிச் சுருள்களைக் கடந்து போகிறது. சுருளில் மின் அலைவு ஓடிக்கொண்டே இருக்கும். உலோகம் கிட்டே வந்ததும் அந்த அலைவு மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது காசின் உலோகம், விட்டம், தடிமன் மூன்றையும் பொறுத்தது. மெஷின் படிப்பது அந்த மாற்றத்தைத்தான். தலையா பூவா, எந்த வருஷம், என்ன படம், எந்த நாணயசாலையில் அடித்தது, எதுவும் அதற்குத் தெரியாது. பலர் நினைப்பதுபோல் எடையும் போட்டுப் பார்ப்பதில்லை.

மின்சாரமே இல்லாத பழைய காயின் யூனிட்களில்தான் (காசைச் சோதிக்கும் பாகத்துக்கு அந்தப் பெயர்) எடை பார்த்தார்கள். வாயின் அகலமே பெரிய காசைத் தடுத்துவிடும். உள்ளே ஒரு சின்னத் தொட்டில், சிறிய காசு அதில் நிற்காமல் நழுவிவிடும், எடை குறைந்த காசு அதைச் சாய்க்க முடியாமல் அங்கேயே நிற்கும். தப்பித்து வந்ததைக் காந்தம் ஒன்று வேகம் குறைக்கும். கடைசியில் ஒரு உலோகக் கட்டியில் மோதித் துள்ள வேண்டும். சரியான துள்ளல் என்றால் தடுப்பைத் தாண்டி உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கணக்குப் போடும் அதே விஷயம்தான்.

சரி, இப்போதைய மெஷினுக்கு வருவோம். சுருளைத் தாண்டியதும் ஒரு கேட். இந்த கேட் சும்மா இருக்கும்போது திருப்பி அனுப்பும் பக்கமாகத்தான் திறந்திருக்கும். காசு சரி என்று பட்டால் மட்டும் சோலினாய்டு, அதாவது கரண்ட் பட்டால் இழுக்கும் மின்காந்தம், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இழுத்து, வழியைப் பெட்டிப் பக்கம் திருப்பும். அதைத் தாண்டி ஒரு ஒளி சென்சார். காசு அந்த இடத்தைக் கடந்தபிறகுதான் மெஷினை நடத்தும் போர்டுக்கு 'வந்துவிட்டது' என்று ஒரு மின் துடிப்பு, அதுதான் பல்ஸ், போகும்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது கேட்டின் குணம். கரண்ட் இல்லாத மெஷின் யார் காசையும் சாப்பிடாது. காசு திரும்பி வந்தால் கோளாறு கேட்டிலோ அதற்கு முன்னாலோ. காசு உள்ளே போய், தண்ணீர் வரவில்லை என்றால் கேட்டுக்குப் பின்னால். பாதி வேலை இதோடு முடிந்தது.

கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் மெஷினில் 230 வோல்ட் மோட்டாரும் ஈரத் தரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காயின் யூனிட் ஓடுவது 12 வோல்ட்டில்தான், ஆனால் உங்கள் முழங்கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. வோல்ட் அளக்க மறுபடி கரண்ட் கொடுக்கும்போது செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு கையை மட்டும் உள்ளே விடுங்கள்.

எந்தக் காசு போட்டாலும் துப்புகிறது

முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் பல போர்டுகள் காயின் யூனிட்டுக்குப் போகும் கரண்டையே வெட்டிவிடும், அல்லது 'வாங்காதே' என்று ஒரு வயரில் சொல்லிவிடும். மெஷின் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. தண்ணீர் லாரி வராத நாளில் எனக்கு வரும் போன்களில் பல இந்த வகை.

தண்ணீர் இருக்கிறது என்றால் யூனிட்டின் சிவப்பு, கறுப்பு வயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் உடனே திருப்திப்படக் கூடாது. மீட்டரை எடுக்காமல் ஒரு காசைப் போட்டுப் பாருங்கள். சோலினாய்டு இழுக்கும் நேரத்தில் 9, 10 என்று இறங்கினால் பவர் சப்ளை களைத்துப்போய்விட்டது. சும்மா இருக்கும்போது 12 காட்டும், வேலை கொடுத்தால் உட்கார்ந்துவிடும். மாற்றுங்கள். அதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் அது பச்சை பூத்திருக்கும். தேய்த்து மாட்டினால் ஒரு மாதம் வரும், புதுக் கனெக்டர் போட்டால் வருஷக்கணக்கில் வரும்.

காசு போடும்போது காதைக் கிட்டே வையுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டும் காசு திரும்பி வந்தால் மெஷின் சம்மதித்துவிட்டது, கேட்தான் நகரவில்லை. கேட்டின் அச்சில் அழுக்கு, அல்லது ஸ்பிரிங் கழன்றிருக்கும். சத்தமே இல்லை என்றால் காசை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

ஒரே வகைக் காசு மட்டும் வாங்கும் மலிவான யூனிட்டாக இருந்தால் இன்னொன்று. அதன் பக்கவாட்டில் ஒரு மாதிரிக் காசைச் சொருகி வைத்திருப்பார்கள். வருகிற காசை அந்த மாதிரியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் வாங்கும். குதிரை பொம்மை ஆடி ஆடி அந்த மாதிரிக் காசு கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், ஊரில் உள்ள எல்லாக் காசும் அதற்குச் செல்லாக் காசு. சில சமயம் மாதிரிக் காசே இருக்காது. அவசரத்துக்கு யாராவது உருவியிருப்பார்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் தடத்தின் மூடியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். மீன் ஏலம் விடும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மெஷினில் உப்புத் தண்ணீரும் செதிலும் காசோடு காசாக உள்ளே வரும். கோயில் வாசல் மெஷினில் மஞ்சள், குங்குமம். பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய துணி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இவை போதும். எண்ணெய் எந்த வகையிலும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே, எல்லாமே ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். வியாசர்பாடியில் ஒரு கடைக்காரத் தம்பி, காசு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கேரம் பவுடரைத் தூவி வைத்திருந்தான். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். நம் ஊர் ஈரக்காற்றில் அது இரண்டு நாளில் சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கொண்டது.

சில காசை வாங்குகிறது, சிலதை மாட்டேன் என்கிறது

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் இதில் பெரும்பாலும் மெஷின் கெட்டிருக்காது. நம் காசின் வரலாறுதான் சிக்கல்.

ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் வந்த செப்பு-நிக்கல் காசு 23 மில்லிமீட்டர் விட்டம், 9 கிராம், தடித்த கட்டை. 2007-இல் எஃகில் வந்தது. அதே 23 மில்லிமீட்டர், ஆனால் 6 கிராம். 2009-இலிருந்து மஞ்சள் நிற நிக்கல்-பித்தளை, அதே விட்டம், அதே 6 கிராம், உலோகம் மட்டும் வேறு. 2019 வரிசையில் மறுபடி மாறி, 25 மில்லிமீட்டர், 6.74 கிராம். நமக்கு நான்கும் ஐந்து ரூபாய்தான். சுருளுக்கு இவை நான்கும் நான்கு அந்நியர்கள். ஒருவரை அறிமுகப்படுத்திவிட்டு மற்ற மூவரையும் வீட்டுக்குள் விடவில்லையே என்று கோபித்துக்கொண்டால் எப்படி?

மாதிரிக் காசுகளைப் போட்டுக் காட்டி நாமே பழக்கிக் கொடுக்கும் வகை யூனிட்கள்தான் இப்போது அதிகம். சந்தையில் கிடைக்கும் சாதாரண மாடல் ஆறு வகைக் காசு வரை நினைவில் வைக்கும். செட்டிங்கில் 'இ' என்பது எத்தனை வகைக் காசு, 'ஹெச்' என்பது எத்தனை மாதிரி போடப்போகிறீர்கள், 'பி' என்பது அந்தக் காசுக்கு எத்தனை பல்ஸ், 'எஃப்' என்பது எவ்வளவு கறார். எஃப் எண் குறையக் குறையக் கண்டிப்பு கூடும். 5 முதல் 10-க்குள் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, நான்கு வகை ஐந்து ரூபாயையும் கலந்து ஒரே வகையாகப் பழக்குவது. மெஷின் பாவம், நான்குக்கும் நடுவே ஒரு சராசரியைப் போட்டுக்கொண்டு, நான்கையும் சரியாக அறியாமல் விழிக்கும். அப்புறம் எஃப் எண்ணை 20-க்கு ஏற்றுவார்கள். எல்லாம் உள்ளே போகும், கூடவே வாஷரும் போகும். ஒவ்வொரு வகைக்கும் தனி இடம் கொடுங்கள், ரூபாய்க்கு ஒரு பல்ஸ் என்ற கணக்கில் எல்லாவற்றுக்கும் பல்ஸ் எண் 5 என்றே வையுங்கள். ஒரே மதிப்புக்கு நான்கு இடம் கொடுப்பதில் தவறே இல்லை. தடித்த பழைய காசு இப்போது கைக்கு வருவது குறைவு என்பதால், இடம் போதாவிட்டால் நான் முதலில் விடுவது அதைத்தான்.

மாதிரிக்கு ஒரே காசை இருபது முறை போடாதீர்கள். இருபது வேறு வேறு காசு வேண்டும். பளபளப்பாக இரண்டு, தேய்ந்தது ஏழெட்டு, மற்றது நடுத்தரம். டீக்கடையில் கேட்டால் மகிழ்ச்சியாக மாற்றிக் கொடுப்பார்கள். பழக்கும்போது யூனிட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழக்க வேண்டாம், மெஷினில் மாட்டிய நிலையில், வாடிக்கையாளர் போடுகிற மாதிரியே விடுங்கள். அமுக்கித் தள்ளினால் வேகம் மாறும். நான் மெஷினை ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பழக்குவேன். சுருள் சூடாகும்போது அளவு கொஞ்சம் நகரும்.

காசு எந்த வகை என்று சந்தேகம் வந்தால், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். எஃகுக் காசு ஒட்டும். பித்தளை, செப்பு-நிக்கல் ஒட்டாது. இதே காரணத்தால், உள்ளே காந்தம் வைத்த பழைய வெளிநாட்டு யூனிட்டை வாங்கி மாட்டாதீர்கள். இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றுபவர்களைப் பிடிக்க வைத்த காந்தம் அது. நம் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் போய் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பத்து ரூபாய் விஷயத்தில் கடைக்காரர்கள் போடும் சண்டையை மெஷின் போடுவதில்லை. பத்துக் கோடு, பதினைந்து கோடு, ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது என்று புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மெஷினுக்குக் கோடு தெரியாது. 27 மில்லிமீட்டர், இரண்டு உலோகம், அவ்வளவுதான் அதன் அறிவு. அதே 27 மில்லிமீட்டரில் வரும் 20 ரூபாய் பன்னிரண்டு பக்கம் கொண்டது, உலோகக் கலவையும் வேறு. அதைத் தனியாகப் பழக்குங்கள். பத்தை வாங்காமல் துப்பினால் காசைத் தரையில் போட்டுச் சத்தம் கேளுங்கள். 'டொக்' என்று மந்தமாக விழுந்தால் நடுவில் உள்ள வில்லை தளர்ந்த காசு. அதை வங்கியில் கொடுங்கள், மெஷினில் முயற்சி செய்யாதீர்கள்.

ஒரு ரூபாய் போட்டால் இரண்டு என்று ஏறுகிறது

இந்தப் புகாரை வாடிக்கையாளர் சொல்ல மாட்டார். கல்லாவை எண்ணும்போது முதலாளிதான் சொல்வார். என்னிடம் முதன்முதலில் இது வந்தபோது இரண்டு நாள் போர்டையும் வயரையும் நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டியைத் தரையில் கொட்டி, காசைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

1992 முதல் புழக்கத்துக்கு வந்த பெரிய எஃகு ஒரு ரூபாய், 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் ரூபாய்க் குறியோடு வந்த இரண்டு ரூபாய், 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், அதே எஃகு. ஒன்றின் உடம்பை இன்னொன்று அப்படியே எடுத்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. பழைய எஃகு 50 பைசா 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2011-இன் ஒரு ரூபாயும் ஏறக்குறைய அதே 22 மில்லிமீட்டர், அதே 3.79 கிராம். அதாவது ஒவ்வொரு காசும் ஒரு படி இறங்கி, தனக்குக் கீழே உள்ள காசின் உடம்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கடையிலும் வாங்காத 50 பைசாவை, சட்டப்படி இன்னும் செல்லும் காசுதான் அது, இந்த மெஷின் மட்டும் மரியாதையோடு ஒரு ரூபாயாக வாங்கிக்கொள்ளும். செல்லாதென்று 2011 ஜூன் 30-ஓடு நிறுத்தியது 25 பைசாவையும் அதற்குக் கீழே உள்ளதையும்தான்.

எஃப் எண்ணை 1-க்கு இறக்கினால் பிரித்துவிடாதா என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தேன். தேய்ந்த காசு எல்லாவற்றையும் துப்ப ஆரம்பித்தது, கலப்படமோ நிற்கவில்லை. சுருள் பார்ப்பது உடம்பை. உடம்பு ஒன்றாக இருக்கும்போது மூளையைத் திருகி என்ன பயன்? படத்தைப் பார்க்கும் கேமரா வகைச் சாதனம் இருந்தால் பிரிக்கலாம், தெருமுனைத் தண்ணீர் மெஷினுக்கு அந்தச் செலவு கட்டாது.

என் தீர்ப்பு: ஒன்றையும் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஐந்தும் பத்தும் மட்டும் வாங்கட்டும். விலையையும் அதற்கேற்ப வையுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் 25 மில்லிமீட்டர் எஃகுக்கு ஒரு ரூபாய் என்றே பல்ஸ் வைத்து, 'இரண்டு ரூபாய் வாங்காது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். யாராவது படிக்காமல் இரண்டைப் போட்டு ஒரு ரூபாய்த் தண்ணீர் பிடித்துச் சண்டைக்கு வருவார்கள், அதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

2019 வரிசையைப் பார்த்தால்தான் ஆறுதல். பார்வையற்றவர்கள் தடவியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறுகிற மாதிரி அமைத்தார்கள்: ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. இருபதும் 27-தான், ஆனால் பன்னிரண்டு பக்கத்தோடு. ஊரில் இந்த வரிசை மட்டும் இருந்திருந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

காசு உள்ளே போய்விட்டது, கணக்கு ஏறவில்லை

"இன்னாண்ணா, காச முழுங்கிட்டு கம்முனு கீது?" இந்தப் புகார் வந்தால் மட்டும் நான் உடனே வண்டியை எடுப்பேன். மற்றதில் காசு கைக்குத் திரும்பிவிடும். இதில் ஒருவருக்கு நஷ்டம், அதுவும் ஒரு குடத்துக்குக் கணக்குப் பார்த்துக் காசு எடுத்து வருகிறவருக்கு. பூட்டு திறக்கும் முன் அவர் காசைக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டைத் தாண்டியாயிற்று, ஆகவே சுருளைத் தொட வேண்டாம். கேட்டுக்குக் கீழே உள்ள ஒளி சென்சாரைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிறகு யூனிட்டில் எண் காட்டும் திரை இருந்தால் காசு விழும்போது எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் யூனிட் தன் வேலையைச் செய்துவிட்டது, சேதி போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளை வயர்தான் பெரும்பாலும் பல்ஸ் வயர். எலி கடித்ததா, கனெக்டரில் தளர்ந்ததா பாருங்கள்.

வயர் சரி என்றால் பல்ஸின் நீளம். யூனிட்டின் ஓரத்தில் வேகம் மாற்றும் சின்ன ஸ்விட்ச் இருக்கும். வேகமான நிலையில் பல்ஸ் 20 மில்லி நொடிதான், மெதுவான நிலையில் 100. போர்டு மெதுவாகப் பார்ப்பதாக இருந்து யூனிட் வேகமாகப் பேசினால், ஐந்து பல்ஸ் அனுப்பியதில் மூன்றுதான் காதில் விழும். ஐந்து ரூபாய்க்கு மூன்று ரூபாய் ஏறுகிறது என்ற விசித்திரப் புகாருக்கும் இதுவே காரணம். அதன் பக்கத்திலேயே 'என்ஓ' (நார்மலி ஓப்பன்), 'என்சி' (நார்மலி குளோஸ்டு) என்று இன்னொரு ஸ்விட்ச். சுத்தம் செய்யும்போது விரல் பட்டு அது நகர்ந்திருக்கும். நகர்ந்தால் போர்டுக்கு எல்லாம் தலைகீழாகக் கேட்கும்.

காசு போடாமலே தண்ணீர் வருகிறது

இதற்குப் புகாரே வராது. தெருவே வரிசையில் நிற்கும்.

மோட்டார் நிற்கும் கணத்தில் கணக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மோட்டாரின் மின் இரைச்சல் பல்ஸ் வயரில் ஏறி, காசு மாதிரி வேஷம் போடுகிறது. மோட்டார் வயரையும் பல்ஸ் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள். பிரித்துத் தள்ளி வையுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா பாருங்கள், மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் ரிலேயின் முனைகளில், அந்த இரைச்சலை அடக்கும் ஸ்னப்பர் போடுங்கள். மோட்டார் ஓடாதபோதும் ஏறுகிறது என்றால் ஒளி சென்சாரில் கரப்பான் குடும்பம் நடத்துகிறது. போர்டின் வெப்பம் அதற்கு இதம்.

நூல் கட்டிய காசை விட்டு இழுக்கும் பையன்கள் இருந்தால், இரண்டு சென்சார் வரிசையாக வைத்த யூனிட்டாக மாற்றுங்கள். காசு மேலிருந்து கீழே அதே வரிசையில் கடந்தால்தான் அது கணக்கில் சேர்க்கும். மேலே திரும்ப இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

நடுவில் மாட்டிக்கொண்டது

திருப்பும் பட்டனை முழுக்க அழுத்திப் பிடியுங்கள். அது வெறும் பட்டன் இல்லை, தடத்தின் ஒரு சுவரையே விலக்கித் திறக்கும் நெம்புகோல். அரைகுறையாகத் தட்டிவிட்டு வரவில்லை என்பார்கள். அதற்கும் வராவிட்டால் மூடியைத் திறந்து எடுங்கள். கொண்டை ஊசி, குடைக் கம்பி, ஸ்குரு டிரைவர், எதையும் வாய் வழியாக விட்டுக் குத்தாதீர்கள். சுருளின் மேல் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் கீறிவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு காசும் அங்கே தட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை மாட்டுகிறது என்றால் காசைத் திட்டாமல் தரையைப் பாருங்கள். யூனிட் நேராக நிற்க வேண்டும். சாலை தோண்டி மூடிய இடத்தில் மெஷினின் ஒரு கால் இறங்கியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் தகடு கொடுங்கள்.

மீதி வரவில்லை, பிரித்த காசு கலந்து வருகிறது

மீதி தரும் ஹாப்பருக்குள் ஓட்டை போட்ட ஒரு தட்டு சுற்றுகிறது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு காசு உட்கார்ந்து வாசலுக்கு வரும், சென்சார் எண்ணும். ஒரு ஹாப்பருக்கு ஒரே அளவுக் காசுதான். ஒரு ரூபாய் என்று பொதுவாகச் சொல்லி 25, 22, 20 மில்லிமீட்டர் மூன்றையும் கொட்டினால் சின்னது இரண்டு ஒரே குழியில் ஏறும், பெரியது விளிம்பில் சிக்கும். மீதிக்கு ஒரே அளவுக் காசாகப் பொறுக்கிப் போடுங்கள். விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம். பாரம் கூடினால் மோட்டார் திணறும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 'என் காசைத் திருப்பிக் கொடு' என்று அழுத்தும்போது எல்லா மெஷினும் அதே காசைத் திருப்புவதில்லை. சில மெஷின்கள் போட்ட காசை ஒரு தட்டில் நிறுத்தி வைத்திருந்து, விற்பனை நடந்தால் பெட்டிக்கும் நடக்காவிட்டால் கிண்ணத்துக்கும் சாய்க்கும். மற்றவை அப்போதே உள்ளே எடுத்துக்கொண்டு, திருப்பக் கேட்டால் கையிருப்புக் குழாயிலிருந்து வேறு காசைத் தரும். குழாய் காலி என்றால் திருப்பவும் முடியாது.

உண்டியல் சில்லறை பிரிக்கும் மெஷின் இன்னும் எளிமையானது. சாய்வான தண்டவாளத்தில் உருளும் காசு, தன் அளவு ஓட்டை வந்ததும் விழும். முதலில் சின்ன ஓட்டை, கடைசியில் பெரியது. விட்டத்தைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே 23 மில்லிமீட்டர் பெட்டியில் பழைய ஐந்து ரூபாயும் 2019-இன் இரண்டு ரூபாயும் சேர்ந்தே விழும். 25 மில்லிமீட்டர் பெட்டியில் ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றும். இது பழுது இல்லை. அந்த இரண்டு பெட்டிகளில் மஞ்சளைக் கண்ணால் பொறுக்கி, மீதியைக் கையால் பிரித்தே ஆக வேண்டும். ஒரு காலத்தில் நாணயம் அடித்த தங்கசாலை வழியாகத்தான் இந்த வேலைக்குப் போவேன், வழியெல்லாம் இந்த 25 மில்லிமீட்டரை நினைத்துத் திட்டிக்கொண்டே.

வெள்ளத்தில் நனைந்த மெஷின்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இப்படிப் பல மெஷின்களைப் பார்த்தேன். எண்ணூர் பக்கம் இருந்தவற்றில் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருந்தது. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஸ்விட்சைப் போடுவதுதான் முதல் கொலை. போடாதீர்கள். காயின் யூனிட்டைத் தனியாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவுங்கள். ஆமாம், கழுவத்தான் சொல்கிறேன், காய்ந்த உப்பைவிட நல்ல தண்ணீர் மேல். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள். ஹேர் டிரையர் வேண்டாம், தடத்தின் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கனெக்டர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். சோலினாய்டின் தண்டு துருப்பிடித்திருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் போடாமல் மாட்டுங்கள்.

பிறகு மறுபடி பழக்க வேண்டும், இருபது காசோடு. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் பழக்குங்கள். அதற்குள் சுருளில் ஊறியிருந்த ஈரம் முழுக்கக் காய்ந்து, அது படிக்கும் அளவு கொஞ்சம் நகர்ந்திருக்கும்.